சுமையோடு நடப்பவரை ரேடாரில் அளப்பது எப்படி

எங்கள் ஆய்வகத்துக்கு வரும் மாணவர்கள் முதலில் கேட்பது, "பையிலிருந்து எவ்வளவு எதிரொலி வரும் சார்?" என்றுதான். பையை விடுங்கள், கையைப் பாருங்கள் என்பேன். நடக்கும்போது உடம்பு ஒரு வேகத்தில் போகும். கையும் பாதமும் வேறு வேகங்களில் வீசும். இரண்டு கையாலும் ஒரு பெட்டியைப் பிடித்தால் கைவீச்சு நின்றுவிடும். ரேடாரில் அது பளிச்சென்று தெரியும்.

24 கிகாஹெர்ட்ஸ் டாப்ளர் மாட்யூல் ஒன்று போதும்; அசையும் பொருளில் பட்டுத் திரும்பும் அலையின் அதிர்வெண் எவ்வளவு மாறுகிறது என்று காட்டும் சின்ன ரேடார் அது. ஐ, க்யூ என (ஒரே சிக்னல், கால் சுழற்சி தள்ளி) இரண்டு வெளியீடும் உள்ளதாக வாங்குங்கள்; ஒன்றுதான் இருந்தால் ஆள் வருகிறாரா, போகிறாரா என்று பிரிக்க முடியாது. விநாடிக்கு 1 மீட்டர் வேகம் இதில் ஏறத்தாழ 161 ஹெர்ட்ஸாக வரும். சாதாரண நடையில் பாதம் உடம்பைப்போலச் சுமார் மூன்று மடங்கு வேகத்தில் வீசுவதால் 700 ஹெர்ட்ஸ் வரை போகலாம். இதெல்லாம் காதுக்குக் கேட்கும் அலைவரிசைதான் என்பதால், இரண்டு சேனல் உள்ள சவுண்ட் கார்டிலேயே பதிவு செய்துவிடலாம்.

மாட்யூலை இடுப்பு உயரத்தில் வைத்து, நீளமான வராந்தாவில் நேர்க்கோட்டில் நடக்கச் சொல்லுங்கள். சாய்வாக நடந்தால் வேகம் குறைத்துக் காட்டும். 60 டிகிரியில் பாதிதான் வரும். சீலிங் ஃபேனைக் கட்டாயம் நிறுத்துங்கள். பழைய டியூப்லைட்டையும் அணையுங்கள்: 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் அது 100 ஹெர்ட்ஸ் கோடு போடும், மெதுவாக நடக்கும் ஆளைப்போலவே இருக்கும்.

எதிரொலியின் பலமும் வேண்டுமென்றால் அளவுகோல் தேவை. உள்விளிம்பு 10 செ.மீ. உள்ள முக்கோணக் கார்னர் ரிஃப்ளெக்டரின் (வந்த திசையிலேயே அலையைத் திருப்பும் உலோக மூலை) எதிரொலிப் பரப்பு, அதாவது ரேடாருக்கு அது எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பது, இந்த அலைவரிசையில் சுமார் 2.7 சதுர மீட்டர். ஆனால் டாப்ளர் மாட்யூலுக்கு அசையாத பொருள் தெரியாது. அதனால் ரிஃப்ளெக்டரைத் தெர்மாகோல் கட்டைமேல் வைத்துக் கயிறு கட்டி இழுங்கள். ஆளையும் அதையும் ஒரே தூரத்தில் ஒப்பிடுங்கள். தூரம் இரட்டித்தால் திரும்பி வரும் சக்தி பதினாறில் ஒரு பங்காகிவிடும்.

அப்புறம் நடைகள். ஒரே ஆள் முதலில் வெறுங்கையோடு, பிறகு தெர்மாகோல் நிரப்பிய பையோடு, கடைசியில் அதே பையில் மணல் நிரப்பி நடக்க வேண்டும். தெர்மாகோல் ரேடாருக்கு ஏறக்குறைய இல்லாத மாதிரிதான். அதனால் முதல் இரண்டின் வித்தியாசம் பையின் துணி, கொக்கிகளால் வருவது. மூன்றாவதில் கூடுவது எடையும் மணலின் எதிரொலியும். ரேடாரை நோக்கி வரும்போது முதுகுப் பை உடம்புக்குப் பின்னால் மறைந்துவிடும். அப்போதும் மாறுதல் தெரிந்தால் அது பெரும்பாலும் நடையின் மாறுதல்தான். ஆகவே வருவதையும் போவதையும் தனித்தனியாகப் பதியுங்கள்.

ஸ்பெக்ட்ரோகிராமுக்கு (நேரம் போகப் போக அதிர்வெண் மாறுவதைக் காட்டும் படம்) 0.1 விநாடித் துண்டுகள் சரியாக வரும். அதைவிட நீளமானால் பாத வீச்சு மங்கும். உடம்பின் தடித்த கோட்டுக்கு மேலே பாதத்தின் கூர்முனைகளும், கோட்டை ஒட்டிக் கைவீச்சின் மெல்லிய அலையும் தெரிய வேண்டும். சிலர் இயல்பாகவே கை வீசாமல் நடப்பார்கள். அவர்களுடைய வெறுங்கை நடையோடு மட்டுமே அவர்களை ஒப்பிடுங்கள்.