குடியேறிகள் காலத்துக் கல்வீட்டின் சந்துகளை நிரப்பும் முறை

அமெரிக்காவின் யூட்டாவில் 1847க்குப் பிறகு குடியேறியவர்கள், கையருகே கிடைத்த கல்லைக் கொண்டே வீடு கட்டினார்கள். வில்லார்டு ஊரில் வேல்ஸ் நாட்டுக் கொத்தனார் ஷாட்ராக் ஜோன்ஸ் எழுப்பிய கல்வீடுகள் இன்றும் நிற்கின்றன. இத்தகைய வீட்டில் கற்களுக்கு இடையிலுள்ள சந்துகளில் சாந்து உதிரும்போது பலரும் முதலில் தேடுவது சிமென்ட் மூட்டையைத்தான். அதைத் தொடவே கூடாது. அமெரிக்காவில், இன்று நாம் வழக்கமாகப் பயன்படுத்தும் சிமென்ட்டான போர்ட்லாந்து சிமென்ட்டுக்கான முதல் காப்புரிமையே 1871இல்தான் வழங்கப்பட்டது. அதற்கு முந்தைய சுவர்களில் இருப்பது பெரும்பாலும் சுண்ணாம்புச் சாந்து, சில இடங்களில் வெறும் மண். சுவருக்குள் புகும் ஈரம் மென்மையான சாந்தின் வழியாக வெளியேறிவிடும். சிமென்ட் அந்த வழியை அடைத்துவிட்டால், ஈரம் கல்லின் வழியே வெளியேற முயன்று, பனிக்காலத்தில் உள்ளேயே உறைந்து விரிந்து, கல்லின் முகத்தைச் செதில் செதிலாக உரித்துவிடும்.

முதலில் மழைபடாத மூலையிலிருந்து பழைய சாந்தில் ஒரு துண்டை எடுத்துப் பொடித்து, நீர்த்த அமிலத்தில் கரைத்து, எஞ்சும் மணலின் நிறத்தையும் பருமனையும் பார்த்து அதற்கிணையான மணலைத் தேட வேண்டும். மணலே சுண்ணாம்புக்கல் துகளாக இருந்தால் அதுவும் கரைந்துவிடும் என்பதால், கரைக்குமுன் உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்துவிடுவது நல்லது.

உதிர்ந்த சாந்தைச் சந்தின் அகலத்தைப் போல் குறைந்தது இரண்டு மடங்கு ஆழத்துக்கு உளியாலும் சிறு சுத்தியலாலும் எடுக்க வேண்டும். மின்சார அறுப்பான் வேகமானதுதான்; ஆனால் ஒரு கணம் கை நழுவினால் கல்லின் விளிம்பில் விழும் வெட்டு என்றைக்கும் மறையாது. உறுதியாக இருக்கும் சாந்தைப் பழையது என்பதற்காகப் பெயர்க்க வேண்டியதில்லை.

பிறகு தூசியைக் கழுவி, கல் ஈரமாக இருந்தும் நீர் வழியாத பதத்தில், அந்த மணல் கலந்த சுண்ணாம்புச் சாந்தைக் கால் அங்குலப் படலங்களாக அழுத்தி நிரப்ப வேண்டும். ஒரு படலம் பெருவிரல் அழுத்தத்தைத் தாங்கும் அளவுக்கு இறுகிய பின்னரே அடுத்ததை இட வேண்டும். சாந்தைக் கல்லின் முகத்தின் மேல் வழியவிடக் கூடாது. சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று மெதுவாகவே இறுகும். ஆகையால் சில நாட்களுக்கு ஈரச் சாக்கால் மூடி வைக்க வேண்டும், உறைபனிக் காலத்தில் இந்த வேலையைத் தொடங்கவே கூடாது.