நோர்த் தேசாதிபதியின் கடிதக் கட்டுகளில் வன்னியைத் தேடுவது எப்படி

வன்னிச் சிற்றரசன் பண்டாரவன்னியன் ஆங்கிலப் படையிடம் தோற்றதைக் குறிக்கும் கற்சிலைமடுக் கல்லில் உள்ள திகதி 1803 ஒக்டோபர் 31. அன்று இலங்கையின் ஆங்கிலேயத் தேசாதிபதி பிரெடெரிக் நோர்த். பண்டாரவன்னியனை அடக்கப் படை போனது அவருடைய ஆட்சியில்தான். அதே மனிதருக்குக் கிரேக்கத்தின் கோர்பு தீவில் சிலை நிற்கிறது. அங்கே அவர் கில்போர்ட் பிரபு, கிரேக்கரின் நண்பர். 1791இல் கோர்புவில் ஓதோடொக்ஸ் திருச்சபையில் சேர்ந்து திமித்ரியோஸ் என்று பெயர் பெற்றவர். ஏதென்ஸில் கல்வி வளர்ப்புச் சங்கமொன்றுக்குத் தலைவராக இருந்தவர். கிரேக்க விடுதலைப் போர் நடந்துகொண்டிருந்த 1824இல் கோர்புவில் அயோனிய அகடமியைத் திறந்தவர்.

பண்டாரவன்னியன் பற்றி எழுத நினைக்கும் ஆசிரியர்களும் உயர்தர மாணவர்களும் ஊர் வரலாறு தொகுப்பவர்களும் இந்த மனிதரின் தாள்களை எப்படியும் தேடித்தான் ஆகவேண்டும். பலர் இணையப் பட்டியலில் 'வன்னி' என்று தட்டிப் பார்த்து, ஒன்றும் வராததால் விட்டுவிடுகிறார்கள். அக்காலத்துக் கடிதத் தொகுதிகளுக்குப் பட்டியலில் எழுதியிருப்பது பெரும்பாலும் 'கடிதங்கள்', ஆண்டு, அவ்வளவுதான். உள்ளே இருக்கும் ஊர்ப்பெயர்கள் அங்கே ஏறவில்லை. ஆகவே சொல்லை வைத்துத் தேடாமல் திகதியை வைத்துத் தேட வேண்டும்.

முதலில் திகதி அட்டவணை

ஒரு தாளில் நான்கு நிரல் போடுங்கள்: ஆங்கிலத் திகதியும் கிழமையும், தமிழ் வருடமும் மாதமும், நடந்தது, அந்தச் செய்தி இலண்டன் போய்ச் சேர்ந்திருக்கக் கூடிய காலம்.

1798 ஒக்டோபரில் நோர்த் பதவியேற்கிறார். 1800இல் தீவைச் சுற்றிப் பயணம் போகிறார். 1802 ஜனவரி 1 அன்று இலங்கை முடிக்குரிய குடியேற்ற நாடாகிறது. 1803 ஜூனில் கண்டியில் ஆங்கிலப் படை அழிகிறது. 1803 ஓகஸ்ட் 25, வியாழக்கிழமை, பண்டாரவன்னியன் முல்லைத்தீவைத் தாக்கிக் கப்டன் வொன் டிரிபேர்க்கின் படையை வெளியேற்றுகிறான். ஒக்டோபர் 31, திங்கட்கிழமை, கற்சிலைமடு. 1805 ஜூலையில் நோர்த் போய்விடுகிறார்.

தமிழ்க் கணக்கில் 1803 சித்திரை தொடங்கி ருத்ரோத்காரி வருடம். அறுபது ஆண்டுச் சக்கரத்தில் 1983உம் அதே பெயர்தான் என்பதால் சரிபார்ப்பது இலகு. முல்லைத்தீவுத் தாக்குதல் ஆவணியில் விழும், கற்சிலைமடு ஐப்பசியில். ஏட்டிலோ பழைய உறுதியிலோ தமிழ் வருடம் மட்டும் இருந்தால் இந்த நிரல் கைகொடுக்கும்.

நான்காம் நிரலைத்தான் ஆட்கள் விட்டுவிடுவார்கள். நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக் கப்பலில் போகும் கடிதத்துக்கு நான்கு முதல் ஆறு மாதம் பிடிக்கும். 1803 ஓகஸ்ட்டில் நடந்ததை இலண்டன் அறிவது 1804இல். பதில் இங்கே வந்து சேர அதே அளவு காலம் மீண்டும் போகும். எனவே 1803ஆம் ஆண்டுத் தொகுதியை மட்டும் பார்த்தால் பாதிதான் கிடைக்கும். 1804 முழுவதையும் சேருங்கள். கப்பல் மூழ்கலாம் என்பதால் ஒரே கடிதத்தை வெவ்வேறு கப்பலில் இரண்டு மூன்று பிரதிகளாக அனுப்புவார்கள். ஒரே கடிதம் இரு இடத்தில் வந்தால் அவற்றை இரண்டு சம்பவமாக எண்ண வேண்டாம்.

ஆளைப் பிழையாகப் பிடிக்காதிருக்க

1803இல் 'கில்போர்ட் பிரபு' என்று வரும் கடிதம் நம்முடைய தேசாதிபதியுடையது அல்ல. தந்தை, 1770 முதல் 1782 வரை பிரித்தானியப் பிரதமராக இருந்த நோர்த் பிரபு, 1790 முதல் 1792 வரை இரண்டாம் கில்போர்ட் பிரபு. மூத்த அண்ணன் ஜோர்ஜ் 1802 வரை மூன்றாமவர். அடுத்த அண்ணன் பிரான்சிஸ் 1817 வரை நான்காமவர். 1817இல்தான் பட்டம் பிரெடெரிக்குக்கு வருகிறது. 1827இல் இறக்கும்வரை அவர் ஐந்தாம் பிரபு. ஆகவே இலங்கைக் காலத்துக்கு 'மாண்புமிகு பிரெடெரிக் நோர்த்', கோர்புக் காலத்துக்குக் 'கில்போர்ட்' என்று இரு பெயரிலும் தேடுங்கள்.

கடிதம் எழுதியவரைவிடப் பெற்றவரின் பெயரில் தேடுவதே பல இடங்களில் பயன் தரும். 1801 தொடக்கம் வரை இலண்டனில் இலங்கை அலுவலுக்குப் பொறுப்பான அமைச்சராயிருந்தவர் டன்டாஸ். அடுத்து ஹொபார்ட் பிரபு. 1804 மே மாதத்தில் கம்டன் பிரபு வருகிறார். ஹொபார்ட்டுக்கு எழுதிய கடிதத்துக்குக் கம்டன் பெயரில் பதில் இருப்பது இதனால்தான். இந்தியாவில் மகாதேசாதிபதி வெல்லஸ்லி. 1799 கடைசிவரை அவர் பெயர் மோர்னிங்டன் பிரபு. நோர்த்தின் அக்கா கத்தரினை மணந்தவர் சில்வெஸ்டர் டக்ளஸ், பின்னாளில் கிளென்பெர்வி பிரபு. குடும்பக் கடிதங்களுக்கு அந்தப் பெயரையும் எழுதி வையுங்கள்.

எந்த இடத்தில் எது

வன்னிக்கு முதலில் பார்க்க வேண்டியது இலண்டனுக்கு அருகே கியூவில் உள்ள பிரித்தானியத் தேசிய ஆவணக் காப்பகம். அங்கே 'சீஓ 54' என்ற தொடர் 1798 முதலான இலங்கைக் கடிதங்கள். இது அலுவல் தொடர்தான். ஆனால் தேசாதிபதிகள் அலுவல் கடிதத்தோடு 'தனிப்பட்டது' என்று குறித்த கடிதங்களையும் அனுப்பினார்கள். மனம் திறந்து எழுதுவது அவற்றில்தான்.

1802க்கு முந்தியதற்கு இன்னொரு கதவையும் தட்ட வேண்டும். அப்போது கிழக்கிந்தியக் கம்பனிக்கும் ஆட்சியில் பங்கு இருந்தது. கம்பனித் தாள்கள் பிரித்தானிய நூலகத்தின் இந்தியா அலுவலகத் தொகுப்பில் உள்ளன. வெல்லஸ்லியின் தாள்களும் அதே நூலகத்தில்தான். 1796 முதல் 1798 வரை இலங்கையை மதராஸ் ஆண்டதால், அந்த ஈராண்டுக்குச் சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகமும் பயன்படும். கொழும்பு 7இல் எங்கள் தேசியச் சுவடிக்கூடம் இருக்கிறது. போவதற்கு முதல் தொலைபேசியில் கேட்டு, வேண்டிய ஆண்டையும் துறையையும் சொல்லிவிட்டு, அடையாள அட்டையோடு போங்கள். 1802இல் தொடங்கிய அரச வர்த்தமானியையும் கேளுங்கள்.

நோர்த் குடும்பத்தின் சொந்தத் தாள்கள் சிதறியவை. கோர்புவில் அவர் சேர்த்த நூல்களும் கையெழுத்துப் பிரதிகளும் அவர் இறந்த பின் இலண்டனுக்குப் போய், 1828 முதல் 1835 வரை பல தடவைகளாக ஏலத்தில் விற்கப்பட்டன. ஒரு பகுதியைப் பிரித்தானிய அருங்காட்சியகம் வாங்கியது. கென்ற் மாவட்டக் காப்பகத்திலும் குடும்பத் தாள்கள் உண்டு. கோர்புவின் வாசிப்புச் சங்கத்தில் அகடமிக் காலத்துத் தாள்கள் உள்ளன. பணத்தை அளந்து செலவழிக்க வேண்டியவர்களுக்கு எங்கள் அறிவுரை: கோர்புவைக் கடைசியில் வையுங்கள். அங்கே போனால் இத்தாலியமும் கிரேக்கமும் வேண்டும். கிரேக்கர் அன்று பழைய ஜூலியன் நாட்காட்டியில் எழுதினார்கள். அது அந்த நூற்றாண்டில் 12 நாள் பின்னால் நிற்கும். '12/24' என்று இரட்டைத் திகதி கண்டால் பிந்திய எண்ணே நமது கணக்கு.

எந்தச் சொற்களுக்குக் கண்ணை வைப்பது

தொகுதியைப் புரட்டும்போது இன்றைய எழுத்துக்கூட்டலை எதிர்பார்க்க வேண்டாம். வன்னி என்பதன் முதலெழுத்து ஆங்கில 'வி' ஆகவும் 'டபிள்யூ' ஆகவும் வரும். நடுவில் 'என்' ஒன்றோ இரண்டோ, கடைசியில் 'ஐ' அல்லது 'வை'. இந்தச் சேர்க்கைகள் எட்டையும் எழுதி மேசையில் வையுங்கள். முல்லைத்தீவு ஒல்லாந்த வழக்கில் 'மொலெட்டிவோ' என்பது போல எழுதப்பட்டிருக்கும். மாவட்டப் பெயர்களும் அப்படியே. கிளிநொச்சி மாவட்டம் 1984இல்தான் பிரிந்தது, ஆகவே அந்தப் பெயரில் தேட வேண்டாம். பனங்காமம், மேல்பற்று, முள்ளியவளை, கருநாவல்பற்று, கரிக்கட்டுமூலை, தென்னமரவடி என்று பழைய பற்றுப் பெயர்களைப் பாருங்கள்.

மேற்குக் கரை வன்னி என்ற பெயரில் வராது, முத்துக்குளிப்பு என்ற தலைப்பில் வரும். அரிப்பு, கொண்டச்சி என்று தேடுங்கள். அரிப்பில் கடல் அரித்துக்கொண்டிருக்கும் இடிபாட்டை ஊரில் அல்லிராணிக் கோட்டை என்கிறோம். அது 1801 முதல் 1804 வரை நோர்த் தனக்காகக் கட்டிய மாளிகை, முத்துக்குளிப்புக் காலத்தில் வந்து தங்க. தூண்கள் கிரேக்க டோரிக் பாணி. கிரேக்கத்தின் மேல் அவருக்கு இருந்த பற்று மன்னார்க் கரையில் சுண்ணாம்பும் செங்கல்லுமாக நின்றது. அதன் செலவைத் தேடுகிறவர்கள் முத்துக்குளிப்புக் கணக்கோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இரண்டு சிறு சொற்கள் திகதியைக் குழப்பும். 'இன்ஸ்டன்ட்' என்றால் கடிதம் எழுதிய அதே மாதம். 'அல்டிமோ' என்றால் போன மாதம். நவம்பர் 3 அன்று எழுதிய கடிதத்தில் '31 அல்டிமோ' என்றிருந்தால் அது ஒக்டோபர் 31. சுருக்கி 'இன்ஸ்ட்', 'அல்ட்' என்றும் எழுதுவார்கள். 'எஃப்' போலத் தெரியும் நீண்ட எழுத்து பல இடங்களில் 'எஸ்'.

பிரதி எடுத்தல்

கியூவில் வாசிக்கக் கட்டணம் இல்லை, பிளாஷ் இல்லாமல் படம் எடுக்கவும் கட்டணம் இல்லை. இலண்டனில் மருமகனோ பெறாமகளோ இருந்தால் அவர்களைக் கேட்பதே மலிவு. ஞாயிறும் திங்களும் மூடியிருக்கும். முதலில் இணையத்தில் பதிந்து, பெயருக்கு ஒரு சான்றும் முகவரிக்கு ஒரு சான்றும் கொண்டுபோய் வாசகர் அட்டை எடுக்க வேண்டும். வேண்டிய தொகுதிகளை முன்கூட்டியே பதிவு செய்துவிட்டுப் போனால் அன்று காலையே வேலையைத் தொடங்கலாம். ஆளில்லாதவர்கள் காப்பகத்திடமே பிரதி கேட்கலாம். ஆனால் பக்கங்களை எண்ணிப் பார்க்க ஒரு கட்டணம், பிறகு பிரதிக்கு வேறு கட்டணம்.

படம் எடுக்கப் போகிறவருக்கு நான்கு விடயத்தைச் சொல்லி அனுப்புங்கள். தொகுதியின் முதுகும் முதல் தாளும் முதற் படங்களாக இருக்க வேண்டும். ஒவ்வொரு படத்திலும் தொகுதி இலக்கம் எழுதிய துண்டு தெரிய வேண்டும். தாளின் பின்பக்கத்தையும் எடுக்க வேண்டும். எல்லாவற்றிலும் முக்கியம், கடிதத்தோடு நிறுத்தக்கூடாது: அதன் பின்னால் வரும் இணைப்புகளையும் எடுக்க வேண்டும். களத்திலிருந்த அதிகாரியின் அறிக்கை இணைப்பாகத்தான் இருக்கும். தேசாதிபதி அதை இரண்டு வரியில் சுருக்கியிருப்பார், ஊர்ப்பெயரும் ஆட்பெயரும் இணைப்பிலேயே தங்கிவிடும். கடிதத்தை மட்டும் எடுத்துவந்தால் வன்னி கையில் வராது.

வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும், மெல்லிய மைக்கோடுகள் மறைந்துபோகும். டொகியூமெண்ட் ஆக அனுப்பச் சொல்லுங்கள்.

படித்து எழுதும்போது

வரிக்கு வரி, பிழையைத் திருத்தாமல் எழுதுங்கள். விளங்காத சொல்லைச் சதுர அடைப்பில் கேள்விக்குறியோடு வையுங்கள். ஊகித்து நிரப்பினால் அடுத்தவர் அந்த ஊகத்தையே ஆதாரமாக எடுத்துப் போவார். பழைய தொகுதிகளில் எண் பக்கத்துக்கு அல்ல, தாளுக்கு. 'தாள் 40 முன்', 'தாள் 40 பின்' என்று குறித்தால்தான் மறுபடி எடுக்கலாம்.

அச்சில் வந்தவற்றில் இரண்டை அருகில் வையுங்கள். நோர்த்தோடு 1800 சுற்றுப்பயணத்தில் போன பாதிரியார் ஜேம்ஸ் கோர்டினர் 1807இல் வெளியிட்ட இலங்கை விவரணம் ஒன்று. ஜே. பி. லூயிஸ் 1895இல் எழுதிய வன்னி மாவட்டக் கைந்நூல் மற்றது. லூயிஸ் எழுதியது சம்பவம் நடந்து தொண்ணூறு ஆண்டுக்கு மேல் கழிந்த பின். எங்கே தேடுவது என்று காட்ட அது நல்ல நூல், அதையே 1803க்குச் சாட்சியாக வைக்கக் கூடாது.

இந்தக் கட்டுகளில் பேசுகிறவர்கள் எல்லோரும் ஒரே பக்கம் நின்றவர்கள். பண்டாரவன்னியனை அவர்கள் கலகக்காரன் என்ற கண்ணால்தான் பார்த்திருப்பார்கள். 1803இல் அவர்களுடைய கவலை முழுவதும் கண்டி, ஆகவே வன்னிக்குக் கிடைக்கும் இடம் சிறியது. அந்தச் சிறிய இடத்தில் இருப்பதை மூன்றாகப் பிரித்து எழுதுங்கள்: எழுதியவர் தானே கண்டது, கேட்டது, கருத்து. திகதி, படையின் தொகை, இழந்த பீரங்கி போன்றவை முதல் இரண்டில் வரும். 'வன்னியர் இப்படிப்பட்டவர்கள்' என்பது மூன்றாவது. வன்னியின் குரலுக்கு ஊரில் உள்ள உறுதி, ஏடு, கோயில் கணக்கு, வாய்மொழி ஆகியவற்றையே நாட வேண்டும். கிரேக்கரின் கல்விக்காகக் கைப்பணம் செலவழித்த ஒருவர் வன்னியின் எழுச்சியைப் படையால் அடக்கினார் என்ற இரண்டும் உண்மை. ஒன்றைக் காட்டி மற்றதை மறைக்காமல் இரண்டையும் எழுதுங்கள்.

இங்கே வைத்துக் காப்பது

இங்க்ஜெட் அச்சு மாரியில் ஊறிப் பரவும். லேசர் அச்சே எடுங்கள். ஸ்டேப்பிள் கம்பி துருப்பிடித்துத் தாளைத் தின்னும், பருத்தி நூலால் கட்டுங்கள். பொலித்தீனில் இறுக்கி மூடினால் உள்ளே வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். கடித உறையில் போட்டு, நிலத்திலிருந்தும் சுவரிலிருந்தும் விலகி நிற்கும் இரும்பு அலுமாரியில் வைத்து, மாதமொருமுறை திறந்து கறையான் பாருங்கள். படக் கோப்புகள் மூன்று இடத்தில் இருக்கட்டும், அதில் ஒன்று வேறு ஊரில்.

வீடுகளிலிருந்து பழைய உறுதி தருகிறவர்களிடம் மூலத்தை வாங்கி வைக்காதீர்கள். அவர்கள் முன்னிலையில் பகல் வெளிச்சத்தில் படமெடுத்து, அங்கேயே திருப்பிக் கொடுத்து, யாருடையது, எப்போது எடுத்தது என்று எழுதி, அவர்களுக்கும் ஒரு பிரதி கொடுங்கள். லமினேற் செய்ய வேண்டாம் என்றும் சொல்லுங்கள். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு உரிக்க முடியாது, தாளும் அதோடு கிழிந்துபோகும்.