சுவருக்கு வெம்மை நிறமா, குளிர் நிறமா?

மஞ்சள், ஆரஞ்சு, சிவப்புச் சாயல்களை வெம்மை நிறங்கள் என்றும், நீலம், பச்சைச் சாயல்களைக் குளிர் நிறங்கள் என்றும் எளிதில் பிரித்துவிடலாம்; உண்மையில் நம்மைக் குழப்புபவை வெள்ளையும் சாம்பலும்தான். வண்ண அட்டையில் தூய வெள்ளையாகத் தெரியும் நிறத்தை, அச்சடிக்காத வெள்ளைத்தாளின் அருகே வைத்துப் பார்த்தால், அதற்குள் ஒளிந்திருக்கும் மஞ்சளோ நீலமோ உடனே புலப்படும்.

மாலை வெயில் நேரே விழும் மேற்குப் பக்க அறையில் பீச் (வெளிர் ஆரஞ்சு) போன்ற வெம்மை நிறம் எதிர்பார்த்ததைவிட அழுத்தமாகத் தெரியும் என்பதால், அங்கே வெளிர் நீலமோ சாம்பல் கலந்த பச்சையோ கண்ணுக்கு இதமளிக்கும். வெயிலே எட்டாத அறைக்கு க்ரீம், இளமஞ்சள் பொருந்தும்.

இரவு வெளிச்சத்தைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். பல்பின் ஒளி நிறத்தைக் கெல்வின் என்ற அளவால் குறிப்பார்கள். 2700 கெல்வின் பல்பின் மஞ்சள் ஒளியில் வெளிர் நீலம் மங்கிச் சாம்பலாகத் தெரியலாம். 6500 கெல்வின் வெள்ளை ஒளியிலோ க்ரீம் நிறம் தன் இதத்தை இழந்து வெளிறிப்போகும். ஆகவே, பல்பை முடிவு செய்த பிறகே பெயின்ட்டை முடிவு செய்யுங்கள் என்பேன்.

சுவரிலேயே சிறு பட்டையாகப் பூசிப் பார்த்தால், சுற்றியுள்ள பழைய நிறம் கண்ணை ஏமாற்றும். அதற்குப் பதிலாக, இரண்டடிச் சதுர அட்டையில் இரண்டு பூச்சு பூசி, நன்றாகக் காய்ந்தபின், காலையிலும் நண்பகலிலும் விளக்கு போட்ட பிறகும் அதைச் சுவரில் சாய்த்துப் பாருங்கள். அட்டையின் கீழ்விளிம்பு தரையைத் தொடட்டும்; சிவப்புத் தரையாக இருந்தால், அதன் சாயல் வெளிர் நிறத்தின்மேல் படர்வது அங்கேதான் தெரியும்.