தலையைப் பார்த்து இரையைக் கணிப்பது: நீர்ப்பாம்பு கவனிப்போருக்கு

பாம்பைப் பிடிக்கத் தேவையில்லை. அனுமதியின்றிப் பிடிப்பது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமும்கூட. மதகு, சிறு பாலம், கிணற்றுத் திட்டு என்று உயரமான இடத்தில் மூன்று மீட்டர் தள்ளி நின்றுகொண்டு ஜூம் வைத்து இரண்டு படங்கள் எடுங்கள்: தலைக்கு நேர்மேலாக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. சாய்கோணத்தில் எடுத்தால் தலையின் அளவு மாறித் தெரியும், கணக்கே தப்பிவிடும்.

மேலிருந்து எடுத்த படத்தில் தலையின் நீளத்தையும் அதிகபட்ச அகலத்தையும் ஒப்பிடுங்கள். தண்ணீருக்குள் வாயைத் திறந்தபடி நேராகப் பாய்ந்தால், முன்னால் தள்ளப்படும் நீரே மீனையும் தள்ளிவிடும். அதனால்தான் மீனையே நம்பியிருக்கும் இனங்கள் பலவற்றுக்குக் குறுகலான தலை. சில தலையைப் பக்கவாட்டில் வீசிக் கவ்வும். ஐரோப்பாவில் மீன் தின்னும் டைஸ் பாம்பின் முகம் ஒடுங்கியது. தவளை, தேரை தின்னும் புல்பாம்பின் தலை அகன்றது. இரண்டும் நெருங்கிய உறவுதான்.

நம் குளத்து நீர்க்கோலியிடம்தான் பலர் ஏமாறுவார்கள். கண்ணுக்குக் கீழும் பின்னும் சாய்வாக ஓடும் இரு கருங்கோடுகள் அதன் அடையாளம். மீன், தவளை இரண்டையும் தின்னும். மிரண்டால் கழுத்தையும் தலையையும் தட்டையாக்கிச் சீறும். அந்த நேரத்து அகலம் மிரட்டல், தாடை அளவல்ல. அமைதியாக இருக்கும்போது எடுத்த படத்தையே அளவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். குட்டியின் தலை உடலுக்கு ஒப்பப் பெரிதாக இருக்கும், ஆகவே ஒரே நீளமுள்ளவற்றோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

பக்கவாட்டுப் படம் பாம்பு எங்கே காத்திருக்கிறது என்பதைக் காட்டும். பிச்சாவரம் போன்ற கழிமுகச் சேற்றில் வாழும் நாய்முக நீர்ப்பாம்புக்குச் சிறு கண்களும் மூடித் திறக்கும் மூக்குத் துளைகளும் தலையின் மேற்புறம் ஏறியிருக்கும். உடலை நீரில் மறைத்தபடியே மேலே பார்க்கலாம், மூச்சும் விடலாம்.

நண்டு தின்னிகளிடம் தலை அளவு பாதிதான் சொல்லும். சிங்கப்பூரின் அலையாத்திக் காடுகளில் ஜெரார்டா என்னும் பாம்பு, ஓடு கழற்றி இன்னும் மெத்தென்றிருக்கும் நண்டைத் தேடும். வாயால் கவ்வி, உடலை வளையமாக்கி, அதன் வழியே இழுத்துப் பிய்க்கும். பாம்புகள் இரையை முழுதாகவே விழுங்கும் என்ற பொதுவிதி இங்கே செல்லாது. வாய் கொள்ளாத நண்டும் துண்டுதுண்டாக உள்ளே போகும்.

தலை அளவை மட்டும் வைத்து இனத்தை முடிவு செய்யாதீர்கள். மேற்கு ஆஸ்திரேலியாவின் கார்னாக் தீவுப் புலிப்பாம்புக் குட்டிகளுக்குப் பெரிய இரை கொடுத்து வளர்த்தபோது தாடை நீண்டு வளர்ந்தது. அதே இனம், இரை மட்டுமே வேறு.

வயிற்றுப் புடைப்பைக் கண்டதும் ‘மீன்’ என்று குறித்துவிடாதீர்கள். பெண் பாம்பின் பின்பாதி நீளமாகப் பருத்திருந்தால் முட்டையோ குட்டியோ இருக்கலாம். வலையிலோ பொறியிலோ மாட்டிய பாம்பின் இரையைத் தனிப்பட்டியலில் எழுதுங்கள். அடைபட்ட மீனைத் தின்றது அதன் வழக்கமான வேட்டையைக் காட்டாது.