உங்கள் விருப்பம் உண்மையில் யாருடையது? தோண்டிப் பார்க்க ஒரு வழி

உனக்கு என்ன பிடிக்கும் என்று யாராவது கேட்டால் டக்கென்று சொல்லிவிடுவோம், ஏன் என்று கேட்டால் அதற்கும் ஒரு காரணம் கைவசம் இருக்கும். அந்தக் காரணத்தை உடனே நம்பிவிடாதீர்கள். நிஸ்பெட், வில்சன் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1977இல் எழுதிய கட்டுரையில் ஒரு சோதனை வருகிறது: ஒரே மாதிரியான நாலு ஜோடி நைலான் காலுறைகளை வரிசையாக வைத்து, எது தரமானது என்று ஆட்களிடம் கேட்டார்கள். வலது ஓரத்தில் இருந்ததைத்தான் நிறையப் பேர் எடுத்தார்கள், ஆனால் அது இருந்த இடத்தைக் காரணமாக ஒருவரும் தானாகச் சொல்லவில்லை.

அதனால் ஒரு பழைய கொப்பியில், நினைப்பதை விட்டுவிட்டு, செய்வதை எழுதுங்கள். ஒரு வாரம் போதும். காசு எதற்குப் போனது, எதைத் தள்ளிப் போட்டீர்கள், எங்கே கோபம் வந்தது. நீங்கள் மலையகத் தேயிலைத் தோட்டத்து ஆள் என்றால், கொழும்பில் யாராவது "எந்த ஊர்?" என்று கேட்டபோது தோட்டத்தின் பேரைச் சொன்னீர்களா, இல்லை ஹட்டன், நுவரெலியா என்று டவுன் பேரோடு நிறுத்திக்கொண்டீர்களா? (நான் அந்த ஒரு பதிலை வைத்தே ஒரு ஆளைப் பற்றிப் பாதி கண்டுபிடித்துவிடுவேன்.)

அப்புறம் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில், இது எப்போது தொடங்கியது, அப்போது பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று எழுதுங்கள். டீச்சர் வேலைதான் மரியாதையான வேலை என்று நினைக்கிறீர்களா, அதை முதலில் வீட்டில் யார் சொன்னது? வீட்டில் இருந்து வந்தது என்பதற்காக எதையும் தூக்கி எறிய வேண்டியதில்லை, ரொட்டியும் கட்டச்சம்பலும் அம்மா பழக்கிய ருசிதான், இருந்துவிட்டுப் போகட்டும். சந்தேகமாக இருந்தால் கொஞ்ச நாள் அதை விட்டுப் பாருங்கள், மனசு அதைத் தேடுகிறதா என்று தெரிந்துவிடும்.

நம்பிக்கைகள்தான் கஷ்டம். எதைப் பார்த்தால் இந்த எண்ணத்தை மாற்றிக்கொள்வேன் என்று கேளுங்கள். அப்பா சந்தா கட்டிய தொழிற்சங்கத்துக்கே நீங்களும் கட்டுகிறீர்கள், அது என்ன செய்தாலும் மாற மாட்டீர்கள் என்றால், சரி, அது விசுவாசம், கொப்பியில் அந்தப் பேரிலேயே எழுதுங்கள். சாமி, சாதி, கல்யாணம், எல்லாவற்றுக்கும் இதே கேள்விதான், சாதி விஷயத்தில் பதில் எழுத நிறையப் பேருக்குக் கை வராது.

சம்பள நாளிலும் சண்டை போட்ட அன்றும் இதைச் செய்யாதீர்கள். எழுதி முடித்ததும் உங்களைத் தினமும் பார்க்கிற ஒருவரிடம், அக்காவோ கூட்டாளியோ, கொப்பியைக் கொடுத்து, பொய்யாகத் தெரிகிற வரிகளுக்குக் கோடு போடச் சொல்லுங்கள். வாதாட வேண்டாம், எந்தக் கோட்டைப் பார்த்து உங்களுக்குச் சுருக்கென்று வருகிறதோ அந்த வரியில் இருந்து மறுபடி தொடங்குங்கள்.