தீவு உயிர்களைக் காக்கப் போய்ச் செய்யும் தவறுகள்

நியூசிலாந்தின் ஸ்டீபன்ஸ் தீவில் இருந்த பறக்காத ரென் குருவியைக் கலங்கரை விளக்கக் காவலரின் ஒற்றைப் பூனை பூண்டோடு அழித்தது என்பார்கள். கேட்க ருசியான கதை. உண்மையில் 1890-களில் அங்கே பல பூனைகள் திரிந்தன. அதைவிடப் பெரிய பிசகு, அது அந்தத் தீவிலேயே உருவான பறவை என்று முடிவுகட்டுவது. நியூசிலாந்தின் பெருந்தீவுகளிலும் அதன் எலும்புகள் கிடைத்திருக்கின்றன. பசிபிக் எலிகள் அங்கே அதை முன்பே ஒழித்துவிட்டன. கடைசியாக ஒளிந்த இடத்தைப் பிறந்த இடமாக எண்ணிப் பரிணாமக் கணக்குப் போட்டால், முதல் வரியே தப்பாகிவிடும்.

வரிசை தப்புவது அடுத்த தவறு. ஆஸ்திரேலியாவுக்கும் அண்டார்க்டிகாவுக்கும் இடையிலுள்ள மக்குவாரித் தீவில் 2000-க்குள் பூனைகளை ஒழித்தார்கள். பூனைக்கு இரையாகிவந்த முயல்கள் பெருகிச் சரிவுகளை மொட்டையாக்கின. முயலைக் கட்டுப்படுத்திய வைரஸின் பிடி தளர்ந்ததும் காரணம் என்ற வாதம் உண்டு. எப்படியோ, முயல், எலி, சுண்டெலி மூன்றையும் சேர்த்து ஒழித்த பிறகே, 2014-ல், தீவு மீண்டது.

எலி ஒழிப்பில் 99 சதவீதம் என்றால் தோல்விதான். பசிபிக்கிலுள்ள ஹெண்டர்சன் தீவில் 2011-ல் எலி மருந்து கலந்த குருணை தூவியும் நூறுக்கும் குறைவான எலிகள் தப்பின. கூட்டம் பழையபடி பெருகியது. மருந்து ஒவ்வோர் எலியின் நடமாட்ட எல்லைக்குள்ளும் விழ வேண்டும்: பாறை இடுக்கு, குகை வாய், வீட்டுப் பரண் உட்பட. ஒரே சுற்றோடு நிறுத்தக் கூடாது. முதல் சுற்றின்போது வளைக்குள் பால் குடித்த குட்டிகள் வெளியே வருவதற்குள் குருணை கரைந்திருக்கும். வெப்பத் தீவுகளில் நண்டுகள் பங்குக்கு வரும், பழமும் நிறையக் கிடைக்கும். ஆகவே அளவைக் கூட்டி, தீனி குறைந்த பருவத்தில் தூவ வேண்டும். தொடங்குமுன் சில எலிகளின் வால் நுனியைச் சாராயத்தில் போட்டு வைப்பது அவசியம். பிறகு ஓர் எலி பிடிபட்டால், தப்பியதா, படகில் புதிதாக வந்ததா என்று மரபணு சொல்லிவிடும். இரண்டு ஆண்டு தேடாமல் வெற்றி என்று அறிவிக்காதீர்கள்.

காப்பாற்றும் கையும் பரிணாமத்தைத் திருப்பிவிடும். நியூசிலாந்தின் சாத்தம் தீவுகளில் கருப்பு ராபின் என்ற சிறு பறவை 1980-ல் ஐந்தே ஐந்துதான் இருந்தது. சில பெட்டைகள் முட்டையைக் கூட்டின் குழியில் இடாமல் விளிம்பில் இட்டன, அது பொரியாது. ஒவ்வொரு முட்டையும் தங்கம் என்பதால் பணியாளர்கள் அதைக் குழிக்குள் தள்ளிவிட்டார்கள். குஞ்சு பிழைத்தது, பழக்கமும் பிழைத்தது. 1989 வாக்கில் பாதிக்கு மேற்பட்ட பெட்டைகள் விளிம்பில் இட்டன. தள்ளிவிடுவதை நிறுத்தினார்கள், பின்னாளில் அது பத்தில் ஒன்றாகக் குறைந்தது.