முடிக்கொத்து வைரஸைக் கண்டுபிடிக்க கேஸ்12ஏ: முதலில் கைடைச் சரிசெய்யுங்கள்

குமரி மாவட்டத்தில் மட்டியோ செவ்வாழையோ வைத்திருப்பவர்களுக்கு முடிக்கொத்து நோயைச் சொல்லித் தர வேண்டியதில்லை. இலை குறுகி, உச்சியில் கொத்தாக நிமிர்ந்து நிற்கும் மூட்டில் குலையை எதிர்பார்க்க முடியாது. அசுவினி பரப்புகிறது என்றாலும், விளைக்குள் நோயைக் கொண்டுவருவது பெரும்பாலும் நாம் வாங்கும் கன்றுதான். கன்றிலேயே பிடிக்க ஒரு பரிசோதனையை எப்படி உருவாக்குவது என்று பார்ப்போம். லேப் வசதி உள்ள மாணவர்களுக்கானது இது.

கேஸ்12ஏ என்சைம், கைடு ஆர்என்ஏ காட்டும் டிஎன்ஏ கிடைத்ததும் அருகிலுள்ள ஒற்றை இழை டிஎன்ஏவையெல்லாம் வெட்டித் தள்ளும். ஒரு முனையில் ஒளிரும் சாயமும் மறுமுனையில் அந்த ஒளியை அடக்கும் மூலக்கூறும் கட்டிய ஒற்றை இழை டிஎன்ஏத் துண்டையும் (ரிப்போர்ட்டர்) கூடவே போட்டால், அது வெட்டுப்பட்டுப் பச்சையாக ஒளிரும்.

படி 1: இலக்கு. வைரஸின் மரபணுத் தொகுதி, சுமார் 1,000 எழுத்து (ஏ, சி, ஜி, டி) நீளமுள்ள ஆறு வட்டத் துண்டுகள். அதில் டிஎன்ஏ-ஆர் துண்டை எடுங்கள். ஜென்பேங்க் என்ற பொது மரபணுத் தரவுத்தளத்தில் உள்ள வரிசைகளை அடுக்கிப் பார்த்து, எதிலும் மாறாத பகுதியைக் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 2: கைடு. நேரம் செலவிட வேண்டியது இங்கேதான். குறித்த பகுதியில் டிடிடி, அடுத்து ஏ, சி, ஜி-யில் ஒன்று வரும் இடத்தைத் தேடுங்கள். இரட்டை இழை டிஎன்ஏவில் கேஸ்12ஏ முதலில் தேடும் அடையாளம் இது. அந்த நான்கெழுத்துக்குப் பின் வரும் 20 எழுத்துகளே கைடின் இலக்குப் பகுதி. கைடு ஆர்என்ஏ என்பதால் டி-க்குப் பதில் யு. நான்கெழுத்தையும் கைடில் சேர்த்துவிடாதீர்கள். வைரஸ் ஒற்றை இழைதானே, நான்கெழுத்து எதற்கு என்று கேட்கலாம். ஒற்றை இழைக்குத் தேவையில்லைதான். ஆனால் நாம் பெருக்கியபின் கிடைப்பது இரட்டை இழை.

பொருத்தமான இடமே இல்லையா? அப்புறம்தான் என்சைமில் கை வைக்க வேண்டும். புரதத்தின் 542ஆம் இடத்துச் செரினையும் 607ஆம் இடத்து லைசினையும் ஆர்ஜினினாக மாற்றிய ஆஸ்கேஸ்12ஏ (அசிடாமினோகாக்கஸ் பாக்டீரியாவின் கேஸ்12ஏ) வகை, டிடிசிவி, டிசிசிவி எழுத்துகளையும் ஏற்கும். இங்கே வி என்றால் ஏ, சி, ஜி-யில் ஒன்று. தொடக்கத்திலேயே புரதத்தை மாற்ற ஓடுவது வீண்வேலை என்பேன்.

படி 3: சாறு. இலை நடுநரம்பை அரைத்தால் சாறு சீக்கிரம் கறுத்துவிடும். கறுக்கவைக்கும் பாலிஃபீனால் என்ற பொருள் பரிசோதனை வினையையும் கெடுக்கும். அரைக்கும் கரைசலில் அதைப் பிடித்துக்கொள்ளும் பிவிபி சேருங்கள்.

படி 4: ஒரே வெப்பநிலையில் டிஎன்ஏவைப் பெருக்கும் ஆர்பிஏ முறையில் 39 டிகிரியில் 20 நிமிடம் பெருக்கி, கேஸ்12ஏ, கைடு, ரிப்போர்ட்டர் உள்ள கலவையில் சேர்த்து 37 டிகிரியில் வையுங்கள். பெருக்கலைத் தொடங்கும் சிறு டிஎன்ஏத் துண்டான பிரைமர், கைடின் இலக்கு இருக்கும் இடத்தின்மேல் ஏறக் கூடாது.

படி 5: நோய் உறுதியான இலை, நல்ல இலை, வெறும் தண்ணீர் மூன்றையும் ஒவ்வொரு முறையும் ஓட்டுங்கள். தண்ணீர்க் குழாய் ஒளிர்ந்தால் அன்றைய முடிவுகளைத் தூக்கிப் போடுங்கள். பெருக்கிய குழாயின் மூடியைக் கலவை தயாரிக்கும் மேசையில் திறக்கவே கூடாது.